வெற்றிலைக் காம்பின் மரியாதை

‘நடமாடும் வியாபாரி’ என்று அச்சடித்த அட்டையால் விருத்தாம்பாள் ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறார். அட்டையில் அவர் பெயர் சரி, புகைப்படம் ஏறக்குறைய சரி, விற்கும் பொருள் வெற்றிலை பாக்கு என்பதும் சரி. வகைதான் இடிக்கிறது. ஆரணியில் பட்டுக்கடைகளின் வரிசை முடிந்து பேருந்து நிலையத்துக்குத் திரும்பும் முனையில், ஒரு மின்கம்பத்துக்கும் மூடிய சாக்கடைக்கும் நடுவே அவர் உட்கார்ந்தது உட்கார்ந்தபடி இருக்கிறார். அந்தத் தெருவில் கடைகள் கைமாறியிருக்கின்றன. ஒரு வங்கி வந்து போயிருக்கிறது. மின்கம்பமே ஒரு முறை இரண்டடி தள்ளி நடப்பட்டிருக்கிறது. விருத்தாம்பாள் நகரவில்லை. நகராட்சியிலிருந்து கணக்கெடுக்க வந்தவர்கள்மேல் குற்றம் சொல்ல முடியாது. அவர்கள் வந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. இவர் கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டு எதிர்க்கடைத் தாழ்வாரத்துக்கு ஓடினார். ஓடியவரைப் பார்த்தார்கள், எழுதிக்கொண்டார்கள். அந்த ஒரு நிமிடத்துக்கு அட்டை உண்மை.

ஐம்பத்தெட்டு வயது. ஒல்லி உடம்பு, ஓங்கிய குரல். ஈரக்கோணியை விரித்து அதன்மேல் கவுளி கவுளியாக, நூறு நூறு இலைக் கட்டுகளாக, வெற்றிலையை அடுக்கி, விரல் நுனியால் தண்ணீர் தெளித்தபடியே இருப்பார். முகூர்த்தப் புடவை எடுக்க வெளியூரிலிருந்து வேனில் வந்திறங்கும் கூட்டம், புடவையின் மேல் வைத்துக் கும்பிட இவரிடம்தான் வெற்றிலை வாங்கும். அவர்களுக்கு ஓட்டையில்லாத அகல இலை. வேலை முடிந்து வாய் நமநமக்க வருபவர்களுக்குக் காரமான சிறிய இலை. கடன் கேட்பவர்களுக்கு ஓரம் கருகியது. இவர் வெற்றிலை போடுவதில்லை. கேட்டால், “ஆடு மாடு எல தய திங்கும், மனுசன் எதுக்கு திங்கறான்னு எனக்கே தெர்ல” என்பார், அதைத் தின்ன வந்தவரின் முகத்துக்கு நேராகவே.

காலையில் வரும் வாடிக்கையாளர்கள் தனி இனம். பொழுது விடிந்து தேநீரும் குடித்தாயிற்று. ஆனால் வெற்றிலையில் புகையிலையைச் சுருட்டி வாயில் அதக்கினால்தான் சிலருக்கு வயிறு அசையும். அவர்கள் அவசரமாக வருவார்கள், பேசாமல் வாங்குவார்கள், அதைவிட அவசரமாகப் போவார்கள். விருத்தாம்பாள் பின்னாலிருந்து சத்தமாக வழியனுப்புவார்: “மெதுவா போ நைனா, வூடு அங்கியேதான் கீது!” ஆரணியின் ஒரு பகுதி வயிறு தன் கூடையிலிருந்துதான் திறக்கிறது என்பது அவருடைய உறுதியான கருத்து.

உண்மையில் அந்த வயிறுகள் எல்லாம் அவர் வருவதற்கு முன்பே விழித்துக்கொண்டவை. நாம் தூங்கும்போது பெருங்குடலும் ஏறக்குறையத் தூங்குகிறது. நாம் எழுந்தால் எழுகிறது. வாயில் ஏதாவது விழுந்து இரைப்பை விரிந்ததும், நரம்பு வழியாக ஒரு தகவலும் ரத்தத்தில் கரைந்து வரும் ஹார்மோன் வழியாக இன்னொரு தகவலும் கீழே போய்ச் சேருகின்றன: மேலே ஆள் வந்துவிட்டது, இடம் ஒதுக்கு. பெருங்குடல் நீளமாக ஓர் அலை எழுப்பித் தள்ளுகிறது. புகையிலை அதற்குக் கொஞ்சம் சூடு ஏற்றலாம். மிச்சமெல்லாம் தேநீர் செய்த வேலை. பெயர் மட்டும் வெற்றிலைக்கு.

ஊர் வயிற்றைத் திறந்துவிடுபவரின் சொந்த வயிற்றைப் பற்றிப் பக்கத்துப் பூக்கடை சூர்யகலாவுக்குத்தான் தெரியும். விருத்தாம்பாள் காலையில் கடை விரித்தால் சாயந்திரம் வரை தண்ணீர் குடிக்க மாட்டார். குடித்தால் எழ வேண்டும். எழுந்தால் இடம் போகும், வியாபாரம் போகும், அதோடு போய் வர ஒழுங்கான இடமும் பக்கத்தில் இல்லை. குடல் கூப்பிடும்போதெல்லாம் ‘அப்புறம்’ என்று சொல்லிச் சொல்லி, அது கூப்பிடுவதையே ஒரு கட்டத்தில் நிறுத்திக்கொண்டது. இப்போது அவருடைய பெருங்குடல் வாரம் ஒருமுறை, அதுவும் தனக்குத் தோன்றினால் திறக்கும் அலுவலகம். அதற்கு அவர் சொல்லும் காரணம் வேறு. “எனுக்கு சூட்டு ஒடம்பு.”

காம்பு சமாசாரத்துக்கு வருவோம்.

பிறந்த குழந்தைக்கு வெளிக்குப் போகவில்லை என்றால், வெற்றிலைக் காம்பை விளக்கெண்ணெயில் தோய்த்து ஆசனவாயில் லேசாக வைத்து எடுப்பது இந்தப் பக்கத்து வீடுகளில் வழக்கம். மருத்துவர்கள் வேண்டாம் என்பார்கள். வீட்டுப் பெரியவர்கள் தலையாட்டிவிட்டு வெளியே வந்து வெற்றிலை வாங்குவார்கள். அதற்கென்றால் விருத்தாம்பாள் காசு வாங்குவதில்லை. கோணியின் அடியில் கைவிட்டு, நீளமும் பிஞ்சுமாய், எங்கும் நசுங்காத காம்புள்ள இலையாகத் தேடி எடுத்துக் கொடுப்பார். வெறும் காம்பைக் கிள்ளித் தர மாட்டார். “எலையோட எடுத்துகினு போ. காம்பு மட்டும் போனா மரியாத இல்ல.” யாருக்கு மரியாதை என்று யாரும் கேட்டதில்லை.

கூலி வேறு வகையில் வரும். வாங்கிப்போனவர் மறுநாள் அந்த வழியே போகும்போது, சாலையின் இந்தப் பக்கத்திலிருந்து இவர் கத்துவார்: “போச்சா?” பேருந்துக்கு ஓடும் மனிதர் வெட்கத்தோடு தலையாட்டுவார். இவர் சூர்யகலா பக்கம் திரும்பி, “எங்காம்புல போவாத புள்ள ஆரணில இல்ல” என்பார். சூர்யகலா மல்லிகையைத் தொடுத்தபடி, “ஆமாக்கா, போர்டு மாட்டி வெச்சிடு” என்பாள்.

அன்பரசு வந்தது அந்தப் பேச்சுக்குச் சோதனையாக. பட்டுக்கடை ஒன்றில் புடவை பிரித்துக் காட்டும் வேலை. நாள் முழுவதும் வாடிக்கையாளர்களிடம் பேசித் தீர்த்துவிடுவதால் வெளியே வந்தால் வாய் திறக்காதவன். ஊர் தேவிகாபுரம் பக்கத்தில் ஒரு கிராமம். மனைவி அகல்யாவுக்கு ஆண் குழந்தை பிறந்து வீட்டுக்கு வந்த வாரத்தில், சாயந்திரப் பேருந்துக்கு முன்னால் வந்து நின்று, “கொயந்திக்கு” என்று ஒரு சொல் சொன்னான். விருத்தாம்பாள் பார்த்து எடுத்துக் கொடுத்தார். மறுநாள் “போச்சா?” என்று கத்தினார். தலையாட்டினான். ஆனால் நடையைக் கட்டாமல், சாலையைக் கடந்து வந்து மறுபடியும் நின்றான்.

இரண்டாம் காம்பு சகஜம். மூன்றாவதையும் பொறுத்துக்கொள்ளலாம். அன்பரசு தினமும் வந்தான். இலையை வாங்கி, காம்பைக் கிள்ளிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, இலையை என்ன செய்வதென்று தெரியாமல் சூர்யகலாவின் கூடை ஓரத்தில் வைத்துவிட்டுப் பேருந்துக்கு ஓடுவான்.

“தெனமுமா நைனா?” என்று விருத்தாம்பாள் கேட்டார்.

“வெச்சாதாம்மா போறான். வெச்சா நல்லாவே போறான்.”

“வெக்காட்டி?”

“போவ மாட்டான்.”

ஒரு மாதம் தாண்டியது. கிராமத்துக்கு வரும் நர்ஸ் குழந்தையைப் பார்க்க வந்தபோது, மோஷன் போகிறதா என்று கேட்டிருக்கிறார். அன்பரசுவின் தாய் கெங்கம்மாள், “அதெல்லாம் தெனம் போறான் மா” என்று சொல்லியிருக்கிறார். பிறந்த ஆஸ்பத்திரியிலும் இதே கேள்வி, இதே பதில். இரண்டாம் நாள் ராத்திரியே, யாரும் பார்க்காதபோது, போர்வைக்குள் ஒரு காம்பால் கெங்கம்மாள் கைவேலையைக் காட்டியிருந்தார். அவர் எங்கும் பொய் சொல்லவில்லை. போனது உண்மை. குழந்தையிடம் கேட்ட கேள்விக்குக் காம்பு பதில் சொல்லிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

இது நோய் என்று விருத்தாம்பாளுக்குத் தோன்றவில்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். அவருக்குத் தோன்றியது அவமானம். அதையும் அவருக்குச் சுட்டிக்காட்டியவள் சூர்யகலா. கூடை ஓரத்தில் குவியும் காம்பில்லாத இலைகளை ஒருநாள் எடுத்துக் காட்டி, “இன்னாக்கா, உங்காம்பு தெனம் டூட்டிக்கு போய் வருது? பர்மனன்ட் ஆயிட்சா?” என்று கேட்டாள். பக்கத்தில் எலுமிச்சை வாங்கிக்கொண்டிருந்தவர்களும் சிரித்தார்கள். “நல்ல காம்பா இருந்தா ஒருவாட்டிலயே வயிக்கி வந்திருக்கும்” என்று அவர்களில் ஒருவர் தன் பங்குக்குச் சொன்னார்.

அன்று சாயந்திரம் அன்பரசு வந்து நின்றதும் விருத்தாம்பாள் கையைக் கட்டிக்கொண்டார்.

“ஒனக்கு வெத்தல இல்ல.”

“அதோ கீதேம்மா, அத்தனி.”

“அது வெத்தலதான். ஒனக்கு இல்லாத வெத்தல.”

“யம்மா, பஸ்ஸு எடுத்துருவான். பேஜார் பண்ணாத. ஒண்ணே ஒண்ணு.”

“என் காம்பு ஒருவாட்டி வெச்சா புள்ளைக்கு பழகிடணும். ஒன் வூட்டுல யாரோ தப்பா வெக்கறாங்க. பேரு எனுக்கு கெடுது. இன்னா எண்ண, எப்டி வெக்கறாங்கன்னு நா பாக்கணும்.”

“எங்கம்மாதான் வெக்குது. மூணு புள்ள பெத்தது.”

“முப்பது பெத்துருக்கட்டும். நா பாக்கணும்.”

அன்பரசு பேருந்து நிலையத்தைத் திரும்பிப் பார்த்தான். வேறு கடைக்குப் போயிருக்கலாம்; நாலடி தள்ளி இன்னொரு வெற்றிலைக்காரர் இருக்கிறார். ஆனால் நாள் முழுதும் பேசித் தீர்ந்த மனிதனுக்குச் சண்டை போடத் தெம்பில்லை. நாளைக்குக் கடை விடுமுறை, வீட்டில்தான் இருப்பேன், வேண்டுமானால் வந்து பார் என்று சொல்லிவிட்டு, அன்றைய காம்பை அந்த நாலடி தள்ளி வாங்கிக்கொண்டு ஓடினான்.

வேண்டுமானால் என்று சொன்னதை அவர் அழைப்பாக எடுத்துக்கொண்டார். மறுநாள் காலையில் கடை விரிக்கவில்லை. உள்ளதில் நல்லதாக ஒரு கவுளியைப் பொறுக்கி, ஈரத்துணியில் சுற்றி, மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு தேவிகாபுரம் பேருந்தில் ஏறினார். காலிக் கோணியைப் பார்த்துவிட்டு, “விருத்தாம்பாக்கா செத்துட்டாங்களா?” என்று சூர்யகலாவிடம் இரண்டு பேர் விசாரித்தார்களாம்.

வீடு தகரக் கொட்டாயும் ஒரு மாடும் கொண்டது. கெங்கம்மாள் வாசலிலேயே நிறுத்தினார். வெயிலில் உழைத்த உடம்பு, விசாரணைக்கு மசியாத முகம்.

“எண்ண இன்னா எண்ண போடறீங்க?” என்றார் விருத்தாம்பாள், உட்காரச் சொல்வதற்கு முன்பே.

“வெளக்கெண்ண. நானே காய்ச்சனது.”

“காம்ப எந்தப் பக்கம் புடிக்கறீங்க?”

“இன்னாம்மா, பரீச்ச வெக்க வந்தியா? நீ விக்கறவ. நா வெக்கறவ. எந்தப் பக்கம்னு எனுக்குத் தெரியும்.”

“தெரிஞ்சா எதுக்கு தெனம் ஆள் அனுப்பற?”

“நல்ல காம்பு குடுத்தா எதுக்கு தெனம் வரோம்?”

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நிற்க, உள்ளேயிருந்து அகல்யா குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தூக்கம் கெட்ட கண். குழந்தையின் கையும் காலும் குச்சி. வயிறு மட்டும் ஊதிப் பளபளத்து, மேலே பச்சை நரம்பு தெரிந்தது. விருத்தாம்பாள் ஓரடி முன்னால் வந்து குனிந்து பார்த்தார். பிறகு மஞ்சள் பையிலிருந்து காம்பைப் பொறுக்கி நீட்டினார்.

“வெய்யி. பாக்கறேன்.”

கெங்கம்மாள் குழந்தையை மடியில் கிடத்தி, எண்ணெய் தோய்த்து, பூப்பறிக்கும் மென்மையோடு வைத்தார். குறை சொல்ல ஒன்றுமில்லை. வைத்து எடுத்ததுதான் தாமதம். காற்றும் மலமுமாகப் பீறிட்டு வந்தது. மூன்று பேரும் முந்தானையை மூக்குக்குக் கொண்டுபோகும் நாற்றம். வயிறு கொஞ்சம் தளர்ந்தது. கெங்கம்மாள் பரீட்சையில் தேறிவிட்டவர்போல நிமிர்ந்து பார்த்தார்.

“இப்ப எறங்கும்,” என்றாள் அகல்யா. “பால் குடுத்தன்னா மறுபடி ஏறும். மொதல் வாரத்துலேர்ந்து சொல்லிகினேகீறேன். யாரும் காதுல வாங்கல. நேத்து பச்சையா கக்கனான்.”

“நீ முருங்கக்கீர துன்ன. அதான் பச்ச,” என்றார் கெங்கம்மாள்.

அகல்யா அங்கேயே உட்கார்ந்து பால் கொடுத்தாள். குழந்தை நாலு வாய் குடித்தது, களைத்து விட்டது. தளர்ந்திருந்த வயிறு, அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மெதுவாக இறுகத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் கடைவாயோரம் பச்சையாக ஒரு கோடு வழிந்தது.

காம்பில் குறையில்லை என்று காம்புக்காரிக்குத் தெரியும். கையில் குறையில்லை என்று கைக்காரிக்குத் தெரியும். இரண்டும் சரியென்றால் மூன்றாவதாக ஒன்றுதான் மிச்சம். அது அகல்யாவின் மடியில் முனகிக்கொண்டிருந்தது.

“இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போலாம்மா,” என்றான் கதவருகில் நின்ற அன்பரசு.

“எதுக்கு? ‘நாப்பது நாளா புள்ள வயித்துல இன்னா பண்ண’ன்னு அவங்க என்ன நிக்க வெச்சிக் கேக்கவா? ஊரு சிரிக்கவா? வெள்ளிக்கெயம கலசபாக்கம் தூக்கிகினு போலாம். அங்க ஒருத்தர் எண்ண போட்டு நீவி குடல எறக்கி வுடுவாரு. நா பேசி வெச்சிகீறேன்.” கெங்கம்மாளின் குரல் உயர்ந்திருந்தது, ஆனால் கை குழந்தையின் வயிற்றின் மேலேயே இருந்தது.

வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள்.

அந்தக் குழந்தை வெள்ளிக்கிழமைக்குக் காத்திருக்கவில்லை. மதியத்துக்கு முன்பே ஆரணி ஆஸ்பத்திரியில் இருந்தது. கெங்கம்மாள்தான் மடியில் வைத்திருந்தார். அங்கிருந்த டாக்டர் வயிற்றைப் பார்த்தார், பச்சை வாந்தி என்ற சொல்லைக் கேட்டார், மேலே எதுவும் கேட்காமல் ஆம்புலன்ஸுக்குச் சொன்னார். சாயந்திரம் வேலூரில் குழந்தைகளுக்கான அறுவை மருத்துவரின் மேசையில் கிடத்தியிருந்தார்கள். காய்ச்சல் தொடங்கியிருந்தது. குடல் அழுகும் கட்டத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது என்று அந்தப் பெண் மருத்துவர் அன்பரசுவிடம் சொன்னார். குழாய் வைத்து உப்புநீரால் கழுவிக் கழுவி வயிற்றை இறக்கினார்கள். பிறகு குடலின் கடைசிப் பகுதியிலிருந்து கடுகளவு சதையை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள். தேடியது அதில் இல்லை. இல்லாததுதான் நோய்.

குடலுக்கு மூளை தனியாக உண்டு. அதன் சுவரில், இரண்டு தசை அடுக்குகளுக்கு நடுவே, வலைபோல நரம்பணுக்கள் பரவிக் கிடக்கின்றன. தலையிலிருக்கும் மூளையைக் கேட்காமலேயே எங்கே இறுக்குவது, எங்கே தளர்த்துவது என்று அவையே முடிவு செய்கின்றன. குழந்தை கருவில் இருக்கும்போது அந்த அணுக்கள் மேலேயிருந்து குடல் வழியாகக் கீழ்நோக்கி நடந்து வந்து குடியேறுகின்றன. ஏறக்குறைய ஐயாயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு அந்த நடை வழியிலேயே நின்றுபோகிறது. கடைசித் துண்டுக்கு ஆள் வந்து சேருவதில்லை.

ஆளில்லாத தசை தொளதொளவென்று கிடக்கும் என்றுதான் நாம் நினைப்போம். நடப்பது நேர்மாறு. தசைக்கு இறுகத் தானாகவே தெரியும். தளர்வதற்குத்தான் உத்தரவு வேண்டும். நரம்பு செய்யும் பெரிய வேலை ‘விடு’ என்று சொல்வது. சொல்ல ஆளில்லாத அந்தக் கடைசி நாலு விரல் குடல், பிறந்ததிலிருந்து கெட்டியாக மூடிக்கொண்டு இருந்திருக்கிறது. குழந்தை பால் குடிக்கும்போதெல்லாம் ஹார்மோன் செய்தி கொண்டுபோகும், மேற்குடல் ஒழுங்காகத் தள்ளும், வந்தது எல்லாம் மூடிய கதவில் முட்டி மேலே தேங்கும். காம்பு அந்தக் கதவைக் கொஞ்சம் நெம்பிப் பிடித்தது. நெம்பிய நேரத்துக்கு வழி. எடுத்ததும் பழையபடி.

இதை அகல்யா வேலூரிலிருந்து தொலைபேசியில் விருத்தாம்பாளுக்குச் சொன்னபோது சுருக்கமாகச் சொன்னாள்: “வவுத்துக்குள்ள தனி மூள கீதாம். இவனுக்கு கடசில கொஞ்சம் வரலியாம். அந்தத் துண்ட வெட்டிட்டு, மேல கீற நல்ல குடல கீய இஸ்து தெச்சிருவாங்களாம்.”

“மூளையா? வவுத்துலயா?” என்றார் விருத்தாம்பாள். “அதான் ஆம்பளங்க அதுலயே யோசிக்கிறானுங்க.”

அறுவை நன்றாக முடிந்தது. குழந்தை இப்போது தவழ்கிறான். ஒருநாளைக்கு எத்தனை முறை துணி மாற்ற வேண்டியிருக்கிறது என்று அகல்யா புலம்பும்போது அவள் முகத்தில் இருப்பது புலம்பல் இல்லை. காம்பு இல்லாமல் முதன்முதலாகத் தானே போன அன்று, கெங்கம்மாள் அந்தத் துணியைத் துவைக்க யாரிடமும் கொடுக்கவில்லையாம்.

ஆரணித் தெருவில் இந்தக் கதை வேறு உடம்பு எடுத்திருக்கிறது. விருத்தாம்பாள் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், கண்ணை மூடினார், ‘இதுக்கு நரம்பு இல்லை, கத்திதான் வைக்கணும், வேலூருக்குப் போ’ என்று சொல்லிவிட்டார் என்பது சூர்யகலா சொல்லும் வடிவம். அக்காவைச் சீண்டித் தூண்டிவிட்டது தான்தான் என்பதை அவள் கதையிலிருந்து பெருந்தன்மையாக நீக்கிவிட்டாள். பூ வாங்க வந்தவர்கள் பக்கத்துக் கோணியை மரியாதையோடு பார்க்கிறார்கள். சிலர் கைக்குழந்தையைக் கொண்டுவந்து வயிற்றைக் காட்டுகிறார்கள். விருத்தாம்பாள் இரண்டு விரலால் தட்டிப் பார்த்து, “சூடு” என்றோ “கண்ணு பட்டுகீது” என்றோ முழுக்கத் தவறான ஒன்றைச் சொல்கிறார். ஒரே ஒரு விதிதான் புதியது: ஒரே குழந்தைக்கு மூன்றாம் தடவை காம்பு கேட்டால் கிடையாது. “மூணாவது காம்பு ஆஸ்பத்திரில கெடைக்கும், போ” என்பார். சூர்யகலாவின் கதையை அவர் மறுப்பதில்லை. அது சொல்லப்படும்போது வெற்றிலைக்குத் தண்ணீர் தெளிப்பதில் மும்முரமாகிவிடுகிறார்.

அவ்வளவு அடக்கம் அவருடைய சுபாவமே இல்லை. அதனால்தான் அன்பரசுவைக் கேட்க வேண்டியிருக்கிறது. அவன் அன்று கதவருகில் நின்றவன்.

வெள்ளிக்கிழமை போகலாம் என்று கெங்கம்மாள் சொன்ன பிறகு, விருத்தாம்பாள் கொஞ்ச நேரம் குழந்தையின் வயிற்றையும் அதன்மேல் இருந்த கெங்கம்மாளின் கையையும் பார்த்துக்கொண்டிருந்தார். தொட்டுப் பார்க்கவில்லை. கண்ணை மூடவில்லை. நோய் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. மஞ்சள் பைக்குள் கைவிட்டு, கொண்டுவந்த கவுளியை வெளியே எடுத்தார். அதைப்போல நல்ல காம்புள்ள கவுளி அந்த மாதத்தில் அவருக்கு வேறு வரவில்லை.

“உங்க கையில தப்பில்லம்மா,” என்றார். “எங்காம்புலதான் தப்பு. ஊசிப்போன சரக்கு. தெரிஞ்சேதான் குடுத்துகினு இருந்தேன். ஆஸ்பத்திரில கேட்டா, ‘ஆரணி விருத்தாம்பா குடுத்த காம்பால வந்தது’ன்னு சொல்லுங்க. எம் பேர சொல்லுங்க.”

கெங்கம்மாள் அவரை நிமிர்ந்து பார்த்தார். நிஜமாகவா என்று கேட்கவில்லை. எழுந்து உள்ளே போய்ப் புடவை மாற்றினார்.

விருத்தாம்பாள் கவுளியை அவிழ்த்து மாட்டின் முன்னால் போட்டார்.